நல்ல ஆசிரியர் என்கிறார்கள், பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போகிறது

கேள்வி: மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசினில் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி செய்தேன். இப்போது மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையில் ஹாஸ்பிடலிஸ்ட். வார்டில் உள்நோயாளிகளைப் பார்ப்பதும் கூடவே மாணவர்களுக்கும் ரெசிடென்ட்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. சிகிச்சையும் கற்பித்தலும் சேர்ந்த பதவிப் பாதையான கிளினிக்கல் எஜுகேட்டர் டிராக்கில் உதவிப் பேராசிரியர், இது ஐந்தாவது வருடம். ரெசிடென்ட்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆசிரியர் விருது இரண்டு முறை கிடைத்தது. ஆனால் இந்த வருட மதிப்பீட்டில், இணைப் பேராசிரியர் பதவிக்குப் "புலமைப் பணி போதாது" என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். என்னோடு சேர்ந்த ஒருவர், வகுப்பே அதிகம் எடுக்காதவர், போன வருடம் உயர்வு பெற்றார். நிரந்தரப் பணியுறுதிக்கு வழிவிடும் டென்யூர் டிராக்குக்கு மாறிவிடலாமா? சில மாணவர்கள் என் உச்சரிப்பு புரியவில்லை என்று எழுதுகிறார்கள், அது தடையாகுமா? ஆங்கிலம் தெரியாத நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவது எப்படி என்று ரெசிடென்ட்களுக்கு நாற்பது நிமிட வகுப்பு நடத்துகிறேன். நர்ஸ்களும் குடும்ப மருத்துவத் துறையினரும் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்று வந்து நடத்தச் சொல்கிறது, நேரமில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு வரிசை நீளம். "பேராசிரியர் பட்டமெல்லாம் எதற்கு, அதிகச் சம்பளம் தரும் தனியார் குழுவுக்குப் போய்விடு" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் பதவி உயர்வு அந்த நாற்பது நிமிட வகுப்புக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு விரிவாக வருகிறேன். முதலில் டென்யூர் விஷயத்தை முடித்துவிடலாம், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. மாற வேண்டாம்.

டென்யூர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு அரசு உத்தியோகம் ஞாபகம் வந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் வரலாறோ கணிதமோ கற்பிப்பவர் விஷயத்தில் அது ஓரளவு சரிதான். 1940-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் அமெரிக்கக் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைதான் இதற்கு அடிப்படை. சோதனைக் காலம் ஏழு வருடத்தைத் தாண்டக் கூடாது, அதைக் கடந்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வரலாற்றுப் பேராசிரியருக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி நீங்கள் பார்க்கும் நோயாளிகளின் பில்லிலிருந்து வருகிறது. அதனால் கிளினிக்கல் துறையில் டென்யூர் கொடுத்தாலும், பதவிப் பெயருக்கும் சம்பளத்தின் ஒரு அடிப்படைப் பகுதிக்கும் மட்டுமே உறுதி என்று பல கல்லூரிகள் விதியில் எழுதிவைத்திருக்கின்றன. முழுச் சம்பளத்துக்கும் உறுதி என்று நினைத்துப் போகிறவர்கள் அந்த விதியைப் படிப்பதில்லை.

அதோடு டென்யூர் டிராக்கில் கடிகாரம் ஓடுகிறது. குறித்த காலத்துக்குள் கிடைக்காவிட்டால் ஒரு வருட நோட்டீஸோடு வெளியே போக வேண்டியதுதான். மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அந்தக் காலத்தை ஏழு வருடத்துக்கு மேலும் நீட்டித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சலுகை. அந்த டிராக்கில் எதிர்பார்ப்பது பெரும்பாலும் சொந்தமாகக் கொண்டுவரும் ஆராய்ச்சி நிதி, குறிப்பாகத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி. ஐந்து வருடம் வார்டில் கழித்துவிட்டு, கையில் ஒரு கிரான்ட்கூட இல்லாமல் அந்தப் பந்தயத்தில் இறங்குவதில் அர்த்தமில்லை. இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கிளினிக்கல் ஆசிரியர்களில் பெரும்பாலோர் டென்யூர் டிராக்கிலேயே இல்லை. ஹார்வர்டின் இணைப்பு மருத்துவமனைகளில் இருக்கும் முழுப் பேராசிரியர்களுக்குக்கூட டென்யூர் கிடையாது. அவர்களை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

உங்களுக்குத் தேவையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, புதுப்பிக்காவிட்டால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இணைப் பேராசிரியரானால் அந்தக் காலம் நீளுமா, உங்கள் டிராக்கிலும் கடிகாரம் உண்டா. சில கல்லூரிகளில் கிளினிக்கல் எஜுகேட்டர்களுக்கும் கெடு வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் கையேட்டில் எல்லாம் இருக்கும். பிரசவ விடுப்பு எடுத்திருந்தால் கெடுவை நீட்டிக்கும் விதியும் பெரும்பாலும் அதே பக்கங்களில் இருக்கும். படித்துவிடுங்கள்.

சரி, உங்கள் சகாவுக்குக் கிடைத்தது உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

நான் எங்கள் கல்லூரியின் ப்ரமோஷன் கமிட்டியில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேஜையைச் சுற்றி இருப்பது ஒரு எலும்பு அறுவை நிபுணர், ஒரு உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர், ஒரு மனநல மருத்துவர், இப்படி. உங்களோடு ரவுண்ட்ஸ் வந்தவர் ஒருவரும் இல்லை. சோடியம் குறைந்த நோயாளியின் படுக்கையருகே நின்று நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியில் ரெசிடென்ட் முகம் தெளிவதை அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் கையில் இருப்பது கோப்பு மட்டும். ஒருவர் அதை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து சுருக்கிச் சொல்வார், மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டுவார்கள். ஒரு கோப்புக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். ஆசிரியர் டிராக் கோப்பு வந்தால் அந்த உயிர்வேதியியல்காரர் கேட்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். அவர் செய்ததை வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்துகிறார்களா?" உங்கள் சகாவின் கோப்பில் நான்கு கட்டுரைகள் இருந்திருக்கும், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இது நியாயமா என்றால் முழுக்க இல்லை. ஆனால் விளையாட்டு நடக்கிற விதம் இது.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் கேள்விக்குக் கட்டுரை மட்டும்தான் பதில் என்ற நிலை மாறி நாளாகிவிட்டது. 1990-இல் கார்னகி அறக்கட்டளையின் எர்னஸ்ட் போயர், கண்டுபிடிப்பது மட்டும் புலமை ஆகாது, ஒருங்கிணைப்பதும் பயன்படுத்துவதும் கற்பிப்பதும் புலமையே என்று வாதிட்டார். கற்பித்தலை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு 1997-இல் சார்லஸ் கிளாசிக்கும் அவர் சகாக்களும் ஆறு அளவுகோல்கள் தந்தார்கள்: தெளிவான நோக்கம், போதிய தயாரிப்பு, பொருத்தமான முறை, பொருட்படுத்தத்தக்க விளைவு, பிறருக்குச் சரியாக எடுத்துச்சொல்லல், தன்னைத்தானே விமர்சித்துப் பார்த்தல். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2006-இல் கூட்டிய மாநாட்டில் கல்விப் பணியை ஐந்தாகப் பிரித்தார்கள்: நேரடியாகக் கற்பித்தல், பாடத்திட்டம், வழிகாட்டல், கல்வி நிர்வாகம், மாணவரை மதிப்பிடுதல். உங்கள் கல்லூரியின் போர்ட்ஃபோலியோ படிவத்தைத் திறந்து பாருங்கள், தலைப்புகள் ஏறக்குறைய இவையாகவே இருக்கும். ஐந்திலும் சாதிக்க வேண்டியதில்லை. இரண்டில் ஆழமாக இருந்தால் இணைப் பேராசிரியருக்குப் போதும்.

ஒரு பாடத்திட்டம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஐ-பாஸ் நல்ல உதாரணம். ஷிஃப்ட் மாறும்போது ஒரு ரெசிடென்ட் இன்னொருவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்தும் பயிற்சி அது. பார்த்தால் சின்ன விஷயம். குழந்தை மருத்துவ ரெசிடென்சி நடத்தும் ஒன்பது மருத்துவமனைகளில் செயல்படுத்தி, முன்னும் பின்னும் அளந்து, 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. பயிற்சிக்கான கையேடுகளையும் தனியாக வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம். எல்லாரும் ஐ-பாஸ் செய்ய முடியாது, உங்களிடம் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அவர்கள் நடந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது.

இப்போது உங்கள் வகுப்பு. நர்ஸ்களும் இன்னொரு துறையும் தாங்களாகவே கேட்டு வாங்கிப் போனார்கள் என்கிறீர்கள். பாதிக் கோப்புகளில் இப்படி ஒன்று இருக்காது. நீங்களோ அதைச் சி.வி.யில் எழுதியிருக்கவே மாட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

அடுத்த வகுப்புக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிப்பது. வழக்கமான வகுப்பறைச் சூழலில் நடக்கும் கல்வி ஆய்வுக்கு முழுப் பரிசீலனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு கிடைத்துவிடும். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது அவர்கள், நீங்கள் இல்லை. தகவல் சேகரித்து முடித்த பிறகு போய் அனுமதி கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். நல்ல திட்டங்கள் பல இந்த ஒரு படிவத்தில் செத்துப்போயிருக்கின்றன.

அப்புறம் எதை அளப்பது? ஒரு பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் சொன்ன நான்கு படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா. பெரும்பாலோர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று 95 சதவீதம் பேர் சொன்னார்கள் என எழுதி அனுப்புகிறார்கள். பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்கள் அதைப் பார்த்துச் சலித்துவிட்டன. நீங்கள் இரண்டாம் படிக்கு ஒரு சின்னச் சரிபார்ப்புப் பட்டியல் போடுங்கள். உள்ளே போகுமுன் மொழிபெயர்ப்பாளரிடம் விஷயத்தை ஒரு வரியில் சொன்னாரா, பேசும்போது நோயாளியைப் பார்த்தாரா அல்லது ஃபோனைப் பார்த்தாரா, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தினாரா, முடிவில் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொன்னாரா. நோயாளியாக நடிக்கும் ஒருவரை வைத்து வகுப்புக்கு முன்னும் சில வாரம் கழித்தும் இதே பட்டியலால் மதிப்பெண் போட்டால் போதும்.

மூன்றாம் படியில் உங்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. ஃபோன், வீடியோ மொழிபெயர்ப்புச் சேவைகள் பொதுவாக நிமிடக் கணக்கில் பில் போடுகின்றன. எந்த வார்டிலிருந்து, எந்த மொழிக்கு, எத்தனை நிமிடம் என்ற கணக்கு மருத்துவமனையில் எங்கோ ஒரு மேஜையில் இருக்கும். வகுப்பு நடந்த வார்டில் அழைப்புகள் கூடினவா என்று பார்க்கலாம். அந்தக் கணக்கைக் கேட்டால் தருவார்களா? தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இதில் மருத்துவமனைக்கும் பயம் உண்டு. ஒபாமா காலச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் கீழ் வந்த விதிகள், அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் நோயாளியின் சிறுவயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்கின்றன. தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் யாரையாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அறிக்கை தேவை, உங்களுக்கும் எண்கள் தேவை.

எங்கே வெளியிடுவது? மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2005-இல் தொடங்கிய மெட்எட்போர்ட்டல் என்ற இணைய இதழ் இந்த மாதிரி வேலைக்கென்றே உருவானது. வகுப்பை அப்படியே, நடத்துபவருக்கான குறிப்பு, ஸ்லைடு, நடிப்பு நோயாளியின் கதை, மதிப்பீட்டுப் பட்டியல் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும், வல்லுநர்கள் பரிசீலிப்பார்கள். உங்களைத் தெரியாத ஒருவர் அதைத் திறந்து நாளைக் காலை வகுப்பு எடுக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. ஸ்லைடில் கூகிளில் எடுத்த படம் இருந்தால் இப்போதே தூக்கிவிடுங்கள், காப்புரிமை கேட்பார்கள். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் அரிய கட்டுரைக்காகக் காத்திருக்கிறோம்" என்று வாரம் தவறாமல் மின்னஞ்சல் அனுப்பும் பத்திரிகைகள் பக்கம் போகவே வேண்டாம். கமிட்டியில் அவற்றின் பெயர் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

சி.வி.யில் எழுதும் விதத்தையும் காட்டிவிடுகிறேன். வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: "ரெசிடென்ட் வகுப்புகள், 2021 முதல் இன்றுவரை." இதில் எதுவுமே இல்லை. இப்படி எழுதுங்கள்: "மொழிபெயர்ப்பாளர் வழியாக நோயாளியுடன் பேசுதல். பாடத்திட்டத்தை வடிவமைத்து நடத்துபவர். 40 நிமிடம், வருடத்துக்கு ஆறு முறை, முறைக்கு 12 ரெசிடென்ட்கள். 2023 முதல் குடும்ப மருத்துவத் துறையும், 2024 முதல் நர்சிங் பயிற்சிப் பிரிவும் பயன்படுத்துகின்றன." எண்களும் வருடங்களும் நான் போட்டவை, உங்களுடையதைப் போடுங்கள். இந்த இரண்டாவது வரியைப் படித்தால் அந்த உயிர்வேதியியல்காரர் தன் கேள்வியைக் கேட்க மாட்டார். குடும்ப மருத்துவத் துறையில் யார் வாங்கிப் போனார்களோ அவரிடம், எப்போதிலிருந்து, எத்தனை பேருக்கு நடத்துகிறோம் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். மாணவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்களில் இரண்டு மூன்று போதும். நாற்பது பக்கம் ஸ்கேன் செய்து இணைப்பவர்கள் இருக்கிறார்கள், கமிட்டி அதைத் திறப்பதே இல்லை. விருதுகளைப் போடுங்கள், ஆனால் எத்தனை ஆசிரியர்களில் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். அந்த எண் இல்லாத விருதுக்கு வெளியாள் கண்ணில் எடை தெரியாது.

உச்சரிப்பு விஷயம். மாணவர் மதிப்பீடுகளில் பெண் ஆசிரியர்களுக்கும், வேற்று உச்சரிப்பில் பேசுபவர்களுக்கும் பாதகமான சாய்வு இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. விவரம் தெரிந்த கமிட்டிகளுக்கு இது தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரியும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மாணவர் மதிப்பெண் மட்டுமே சாட்சியாக இருக்கும் கோப்பில் இரண்டு கெட்ட வரிகள் பெரிதாகத் தெரியும். ஆகவே வேறு சாட்சி சேருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மூத்த ஆசிரியர் ஒருவரை உங்கள் ரவுண்ட்ஸில் வந்து கவனித்து எழுதித்தரச் சொல்லுங்கள். கல்வி அலுவலகத்தில் இதற்கென்று படிவம் இருக்கும். உங்கள் சராசரியைத் துறைச் சராசரியோடு சேர்த்துக் காட்டுங்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும். உச்சரிப்பை மாற்ற வகுப்புக்குப் போகவா என்று கேட்பீர்கள். வேண்டாம். மருந்துப் பெயரையும் அளவையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள், மதுரைக்காரருக்கும் மின்னசோட்டாக்காரருக்கும் அது நல்லதுதான்.

பக்கத்து மாநிலக் கல்லூரி அழைப்பை மறுக்கப் போகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தயவுசெய்து போங்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்ததும் உங்கள் கோப்பை வெளிக் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அவர்கள் நீங்கள் கேட்கும் பதவியிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். உங்கள் குரு, உங்களோடு கட்டுரை எழுதியவர், உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யாரும் பெரும்பாலும் கூடாது. அப்படியானால் உங்கள் வேலையை அறிந்த, ஆனால் உங்களுக்கு வேண்டப்பட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர்கள் வெளியே இருக்க வேண்டும். அழைப்பு வந்த கல்லூரியில் அப்படி ஒருவர் கிடைக்கலாம். இணைப் பேராசிரியருக்கு வட்டார அளவில் பெயர் இருந்தால் பல இடங்களில் போதும், பேராசிரியருக்குத்தான் தேசிய அளவு கேட்பார்கள். ஹாஸ்பிடல் மெடிசின் சங்கத்தின் மாநிலக் கிளை, பொது உள்மருத்துவச் சங்கத்தின் வட்டாரக் கூட்டம், ஏதாவது கல்விப் பத்திரிகைக்குக் கட்டுரை மதிப்பீடு, இவையெல்லாம் வாசல்கள். போகும்போது எழுத்தில் அழைப்பு வாங்குங்கள், வகுப்பு முடிந்ததும் அவர்கள் ரெசிடென்ட்களின் மதிப்பீட்டுத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். கௌரவத் தொகை தருகிறேன் என்றால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் தனக்காக மனுப் போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். பயணச் செலவு வேறு, கூலி வேறு. உங்கள் கல்லூரியின் பன்னாட்டு அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்ய நேரம்? ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்று ஓடுபவர்களிடம் "உங்களுக்குத்தான் பாதி வருடம் சும்மா இருக்கிறதே" என்று சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் குழந்தைகள் உங்களைப் பார்ப்பது நின்றுவிடும். வருடத்துக்கு 182 ஷிஃப்ட், அதில் பத்து சதவீதம் 18 ஷிஃப்ட். "கல்விப் பணிக்கு நேரம் ஒதுக்கித் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், பாடத்திட்டத்துக்காக 18 ஷிஃப்ட் குறைத்து எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். 18 கிடைக்காவிட்டால் 9 கிடைக்கும். அல்லது நேரம் சேர்ந்தே வரும் பொறுப்பு ஏதாவது காலியாகிறதா என்று பாருங்கள். ரெசிடென்சியின் இணை இயக்குநர் போன்ற பொறுப்புகளுக்குக் குறைந்தபட்ச நேரம் தர வேண்டும் என்று பட்டமேற்படிப்பை அங்கீகரிக்கும் அமைப்பே விதி வைத்திருக்கிறது. பதிலுக்கு நேரம் எதுவும் வராத கமிட்டிகளிலிருந்து வெளியே வாருங்கள். வரவேற்புக் குழு, நல்வாழ்வுக் குழு, நேர்முகத் தேர்வு விருந்துக் குழு என்று பெண்களையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் பார்த்துத் தள்ளிவிடுவது இங்கே சகஜம். ஒன்றில் இருங்கள், போதும்.

துறைத் தலைவரிடம் திரும்பிப் போய் "போதாது என்றீர்களே, எவ்வளவு இருந்தால் போதும்?" என்று கேளுங்கள். கோபமாக இல்லை, நோட்டுப் புத்தகத்தோடு. மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதிப்படி, பதவி உயர்வை நோக்கி எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பதை ஆசிரியருக்கு முறையாக, காலாகாலத்தில் சொல்ல வேண்டும். ஐந்தாவது வருடத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்வது அதன் நோக்கம் இல்லை. கடந்த இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் டிராக்கில் உயர்வு பெற்றவர்களின் சி.வி.யைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பல துறைகளில் காட்டுவார்கள், அவர்களே சந்தோஷமாக அனுப்பவும் செய்வார்கள். கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள், இணைப் பேராசிரியருக்கு அது வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் கல்வி ஆராய்ச்சிச் சான்றிதழ்ப் பட்டறைகள் செலவும் குறைவு, இப்போதைக்குப் போதுமானவை.

காலக் கணக்கைப் பார்த்தால், பல கல்லூரிகளில் கோப்பு இலையுதிர் காலத்தில் போகும், துறைக் கமிட்டி, கல்லூரிக் கமிட்டி, டீன் என்று ஏறி அடுத்த ஜூலை 1-இல் உயர்வு அமலாகும். வெளியிலிருந்து கருத்துக் கடிதங்கள் வரவே மாதங்கள் ஆகும். ஆகவே ஏழாவது வருடத்தில் விண்ணப்பிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தாமதம் இல்லை, ஹாஸ்பிடலிஸ்ட்களில் அதற்கு முன்பு போகிறவர்கள் குறைவு.

கிரீன் கார்டுக்காக டென்யூர் வேண்டும் என்று யாரோ சொல்லி, அதனால்தான் அந்தக் கேள்வி வந்ததோ என்றும் தோன்றுகிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டின் முதல் பிரிவான இ.பி-1-இல், சிறந்த பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குமான வழியில், கற்பித்தல் பதவி என்றால் டென்யூரோ டென்யூர் டிராக்கோ வேண்டும், ஆராய்ச்சிப் பதவி என்றால் அதற்கு நிகரான நிரந்தரப் பதவியும் போதும் என்றுதான் இருக்கிறது. அந்த ஆராய்ச்சிப் பதவி காலக்கெடு இல்லாத, தொடர்ந்து இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய பதவி என்பது முக்கியம். குறைந்தது மூன்று வருடக் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவமும், ஆறு வகைச் சான்றுகளில் இரண்டும் வேண்டும். பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, சொந்தக் கட்டுரைகள், துறைக்குச் செய்த அசல் பங்களிப்பு எல்லாம் அந்த ஆறில் வருகின்றன. அதாவது மேலே சொன்ன அதே வேலைதான். ஒரு சிக்கல், உங்கள் பதவி முதன்மையாகக் கற்பித்தல் பதவியா, ஆராய்ச்சிப் பதவியா, நோயாளி பார்க்கும் பதவியா என்று கேட்பார்கள். மனுவைப் போட வேண்டியதும் கல்லூரிதான், நீங்கள் இல்லை. நல்ல குடிவரவு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தனியார் குழுவில், பார்க்கும் நோயாளிகளின் வேலையை அளக்கும் ஆர்.வி.யூ. கணக்கில் சம்பளம் கூடும், இணைப் பேராசிரியராவதில் வரும் ஊதிய உயர்வு பல இடங்களில் அதில் கால்வாசிகூடத் தேறாது. கற்பிப்பது உங்களுக்குச் சுமை என்றால் நானே போகச் சொல்லியிருப்பேன். கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. எப்படியும் முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனை என்பதால் உங்கள் எச்-1பி அநேகமாக வருடாந்தர உச்சவரம்புக்கு வெளியே கிடைத்தது. தனியார் குழுவுக்கு மாறினால், முன்பு அந்த வரம்புக்குள் எண்ணப்பட்டவராகவோ, ஜே-1 பயிற்சி விசாவின் நாடு திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற மூன்று வருடம் வேலை செய்தவராகவோ இல்லாவிட்டால், மார்ச் மாதக் குலுக்கலில் நிற்க வேண்டும். நீங்கள் எந்த வகை என்பதை வழக்கறிஞர் பழைய மனுக்களைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதைத் தெரிந்துகொள்ளும் வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.